பீடிங் வாங்குமுன் கதவைத் தூக்கிப் பாருங்கள்

பழைய ராணுவ வண்டிகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சக்திமான் லாரி ஒன்றைச் சீரமைத்து வைத்திருக்கிறேன். போன ஐப்பசி மழைக்கு முன்பே இரண்டு கதவுக்கும் புது பீடிங் (ஓரத்தில் ஒட்டும் ரப்பர் பட்டை) ஒட்டியாயிற்று. ஆனாலும் டிரைவர் பக்கம் காலடியில் தண்ணீர் தேங்குகிறது. கதவை அறைந்து சாத்தினால்தான் பூட்டு விழுகிறது. ரப்பர் மட்டமா?
– தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: ரப்பர் மேல் பழி போடுமுன் கதவைப் பாருங்கள். பாதி திறந்து, பூட்டுப் பக்கம் அடிவிளிம்பில் கைகொடுத்து மேலே தூக்குங்கள். 'டக்'கென்று ஆட்டம் தெரிந்தால் கீல் பின் தேய்ந்துவிட்டது. கதவு அந்தப் பக்கம் தொங்குவதால் மேல்மூலையில் சந்து விரியும், கீழே ரப்பர் நசுங்கும். உங்கள் இரண்டு தொல்லையும் ஒரே இடத்திலிருந்து வரலாம். பின்னையும் அது உட்காரும் புஷ்ஷையும் மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

அடுத்து, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள சந்தின் அளவை எடுக்க வேண்டும். பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை உருண்டையாக்கி, பாலித்தீன் தாள் சுற்றி, கதவுச் சட்டத்தைச் சுற்றி எட்டு இடத்தில் வைத்து, பழைய ரப்பர் இல்லாமல் கதவைச் சாத்துங்கள். திறந்து, நசுங்கிய களிமண்ணின் கனத்தை வெர்னியரில் பாருங்கள். ஓரிடத்தில் 6 மி.மீ., இன்னோரிடத்தில் 14 மி.மீ. என்று வந்தால் எந்த ரப்பரும் அதை அடைக்காது. டிங்கரிடம் கொடுத்துச் சட்டத்தை நேராக்குங்கள். வித்தியாசம் 3 மி.மீ.க்குள் வந்தால் போதும். உள்ளே குழலாக இருக்கும் பீடிங், கதவு சாத்தும்போது மூன்றில் ஒரு பங்கு நசுங்க வேண்டும். சந்து 8 மி.மீ. என்றால் 12 மி.மீ. குழல். தடிமனாக இருந்தால் நல்லது என்று 18 மி.மீ. போடுவதுதான் பலர் செய்யும் தவறு. கதவு எதிர்த்துத் தள்ளும், பூட்டும் கீலும் அடி வாங்கும். சக்திமான் 1959இல் ஜபல்பூரில் உற்பத்திக்கு வந்தது. இன்று இருக்கிற வண்டிகள் பல டிங்கர் கை பட்டவை. ஒரு வண்டியில் எடுத்த அளவை இன்னொன்றுக்கு நம்பாதீர்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். கண்ணாடி வழியே கொஞ்சம் தண்ணீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது வெளியேறக் கதவின் அடியில் ஓட்டைகள் உண்டு. பெயின்ட் அடிக்கும்போதோ பீடிங் ஒட்டும்போதோ அவை அடைபட்டால், கதவுக்குள் நிரம்பிய தண்ணீர் உள்பக்கம்தான் வழியும். ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். கொடகொடவென்று கொட்டினால் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

ஒட்டும்போது: பழைய பசையைச் சுரண்டி, 80 நம்பர் எமரி போட்டு, இரும்பு வெளுக்கும்வரை தேய்க்கவும். காசிமேடு, எண்ணூர் பக்கத்துக் கடற்காற்றில் உப்பு, ரப்பரைவிட அதன் அடியிலுள்ள தகட்டைத்தான் தின்கிறது. எனவே நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே எபாக்சி பிரைமர், பின்பு பெயின்ட். எனாமல் என்றால் ஒரு வாரமாவது ஆறவிடுங்கள். சரியாகக் காயாத பெயின்ட்டைப் பசையின் தின்னர் உரித்துவிடும். ரப்பர், தகடு இரண்டிலும் பசையை மெல்லிதாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் பொறுங்கள். ஈரக்காற்றில் பசை மேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்தால் பிடிக்காது. காலை பதினொன்றுக்கு மேல், வெயில் ஏறிய பிறகு ஒட்டுவதே சரி.

ரப்பரை இழுத்து ஒட்டவே கூடாது. இழுத்தது ஒரு மாதத்தில் சுருங்கி மூலையை விட்டு எழும்பும். மீட்டருக்கு 5 மி.மீ. கூடுதலாக விட்டு, மூலைகளில் உள்ளே தள்ளி ஒட்டுங்கள். கதவைச் சுற்றி நூல் பிடித்து அளந்து, அதற்குமேல் அரை மீட்டர் சேர்த்து வாங்கவும். இணைப்பைக் கீழ்ப்பக்க நடுவில் வைத்து, பிளேடால் நேராக வெட்டி, ஃபெவிக்விக் ஒரு சொட்டு.

முடித்ததும் ரப்பர் மேல் சாக்பீஸ் தேய்த்துக் கதவைச் சாத்தித் திறங்கள். சட்டத்தில் கோடு அறுந்த இடத்தில் ரப்பர் தொடவில்லை.

கேள்வி: கடையில் எல்லாமே கறுப்பு ரப்பர்தான். எதை வாங்குவது?
– எண்ணூர் வாசகர்

பதில்: கதவுக்கும் கண்ணாடிக்கும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். வெயிலையும் ஓசோனையும் தாங்கும். ஆனால் டீசல், ஆயில் பட்டால் உப்பிவிடும். ஆகவே இன்ஜின் மூடி ஓரத்துக்கு நியோப்ரீன் என்ற இன்னொரு செயற்கை ரப்பர். சாதா இயற்கை ரப்பர் வளைவில் சீக்கிரம் வெடிக்கும். பாரிமுனைச் சந்துகளில் ரப்பர் விற்கும் கடைகளில் வண்டிப் பெயர் சொல்லிக் கேட்டுப் பயனில்லை. பழைய பீடிங்கில் கெடாத இரண்டு அங்குலத் துண்டை வெட்டி எடுத்துப்போய் வெட்டுமுகத்தைக் காட்டுங்கள். முதலில் ஒரு அடி வாங்கி, ஒரு பாதியை இறுக்கமாக மடித்துக் கட்டி இரண்டு வாரம் வெயிலில் போடுங்கள். மடிப்பின் வெளிப்பக்கம் மயிரிழைக் கீறல் விழுந்தால் கதவுக்கு வேண்டாம். மறுபாதியை ஒரு இரவு டீசலில் ஊறவையுங்கள். உப்பினால் இன்ஜின் பக்கம் வேண்டாம்.

கேள்வி: முன்கண்ணாடி மாட்டும்போது மூலையில் விரிசல் விட்டது. எங்கே தவறு?
– வியாசர்பாடி வாசகர்

பதில்: பெரும்பாலும் சட்டத்தில்தான். துருப்பிடித்துப் புடைத்த இடமோ, பட்டி மேடோ கண்ணாடியை ஒரு புள்ளியில் அழுத்தியிருக்கும். தகட்டு விளிம்பின் கனத்தை ஆறு இடத்தில் அளந்து, மேட்டைத் தேய்த்துவிடுங்கள். ரப்பரின் ஒரு பள்ளம் கண்ணாடி கனத்துக்கும், மறு பள்ளம் தகட்டு கனத்துக்கும் பொருந்த வேண்டும். ரப்பரை முதலில் கண்ணாடியில் ஏற்றுங்கள். இணைப்பு மேலே நடுவில் வரட்டும், கீழே தண்ணீர் நிற்கும். தகட்டுப் பள்ளத்தில் 5 மி.மீ. நைலான் கயிற்றைச் சுற்றிலும் செருகி, இரு நுனிகளும் கீழ்நடுவில் ஒரு சாண் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி விடுங்கள். சோப்புத் தண்ணீர் தடவி, ஒருவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்த, மற்றவர் உள்ளிருந்து கயிற்றைக் கண்ணாடி நடுவை நோக்கி இழுக்க வேண்டும். ரப்பரின் உதடு தகட்டின் மேல் தானாக மடிந்து ஏறும். மூலையில் சிக்கினால் தட்டாதீர்கள். கழற்றி மறுபடி மாட்டுங்கள். ரப்பரை இறுக்கிப் பிடிக்கும் லாக் பீடிங் கடைசியில். கசிந்தால் காடி வாடை அடிக்கும் சிலிக்கான் வேண்டாம், அது வெறும் இரும்பை அரிக்கும். இறுகாத பியூட்டைல் பசை போதும்.

கேள்வி: ரப்பர் மிருதுவாக இருக்க கிரீஸ் தடவலாமா?
– திருவொற்றியூர் வாசகர்

பதில்: கூடாது, ஈபிடிஎம் ஊறி உப்பிவிடும். முகப் பவுடர் தடவினாலே கதவில் ஒட்டாது. வேண்டுமானால் சிலிக்கான் ஸ்பிரே. வண்டி மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்குமானால் கதவை இறுக்கிப் பூட்டாமல் முதல் கவ்விலேயே விடுங்கள், குழல் தட்டையாகாது.