ஆளில்லாத வீட்டு வாசலில்

போன இதழில் வேறொரு பதிலுக்கு நடுவே எஸ்பெரான்சா தீயைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். 2006 அக்டோபர் 26, நள்ளிரவு தாண்டி ஒரு மணி வாக்கில், தெற்குக் கலிஃபோர்னியாவில் கபசோன் என்ற ஊருக்குப் பக்கத்து மலையடிவாரத்தில் பற்றி, 'சான்டா ஆனா' காற்றைப் பிடித்துக்கொண்டு ஓடியது. 40,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது, 34 வீடுகள் போயின. அமெரிக்க வனத்துறையின் தீயணைப்பு வண்டி ஒன்றில் போன ஐந்து பேரும் இறந்தார்கள். தீ பிறந்த இடத்தில் சிகரெட் துண்டு கிடைத்தது. தீ வைத்ததாக ரேமண்ட் ஆய்லர் என்ற கார் மெக்கானிக்குக்கு 2009-ல் மரண தண்டனை விதித்தார்கள். நான் எழுதியது அவ்வளவுதான். வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றியே இருக்கிறது. கேஸ் அடுப்பு, இன்வெர்ட்டர் கேள்விகளெல்லாம் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும்.

அத்தனை ஏக்கர் எரிந்து சாம்பலான பிறகு அதில் ஒரு சிகரெட் துண்டைத் தேடி எடுத்தார்கள் என்பது நம்புகிற மாதிரியா இருக்கிறது? – முந்திரி விவசாயி, பண்ருட்டி

தீயணைப்புத் துறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் தீ பிறந்த இடம்தான் பல நேரம் குறைவாக எரிந்த இடம். அங்கே அது கைக்குழந்தை. வளர்ந்து, காற்றைப் பிடித்துக்கொண்டு ஓடின பிறகுதான் எல்லாவற்றையும் விழுங்கும்.

உங்கள் பக்கத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சித்திரை மாதம் முந்திரித் தோப்பு ஒன்று எரிந்தது. "பக்கத்துத் தோப்புக்காரன்தான் வெச்சான்" என்று தோப்புக்காரர் சத்தியம் செய்தார். ஏற்கெனவே இரண்டு பேருக்கும் வரப்புத் தகராறு. எங்கள் நிலைய அலுவலர் அவர் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டார். அப்புறம் சாம்பலில் மண்டியிட்டு உட்கார்ந்து, "புல்லைப் பாருடா" என்றார். மெதுவாக ஊர்ந்து வரும் தீ, புல்லின் தண்டை அது வந்த பக்கமாக அடியில் கடிக்கும். மரத்தை வெட்டுகிற பக்கம் மரம் சாய்கிற மாதிரி, தண்டும் தீ வந்த திசையைப் பார்த்தே விழும். விழுந்த தண்டுகளைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனோம். ஒரு நாற்பது தப்படி இருக்கும். மூன்று செங்கல், எண்ணெய் கக்கிக் கறுத்த ஒரு தகரம், பாதி சுட்ட முந்திரிக் கொட்டைகள். தோப்புக்காரர் வைத்த காவல்காரரே சுட்டுத் தின்றிருக்கிறார். தோப்புக்காரர் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

அமெரிக்காவிலும் வேலை இதுதான், கொஞ்சம் கொடிகளோடு. தீ முன்னேறி ஓடின இடத்தில் சிவப்புக் கொடி, பின்வாங்கி ஊர்ந்த இடத்தில் நீலம், பக்கவாட்டில் பரவின இடத்தில் மஞ்சள். நிறங்கள் வந்து கூடுகிற இடத்தில் மண்டியிட்டுத் தேடுவார்கள். அந்த வட்டாரத்தில் மே மாதத்திலிருந்தே சின்னச் சின்னத் தீ வந்துகொண்டிருந்தது. தேடின சில இடங்களில் சிகரெட்டும் தீக்குச்சிகளும் சேர்ந்த பொறி கிடைத்தது. எப்படிக் கட்டியிருந்தது என்று இங்கே எழுத மாட்டேன், அதையும் ஒருவர் செய்து பார்ப்பார். ஜூன் மாதத் தீ இரண்டில் கிடைத்த சிகரெட் துண்டுகளில் இருந்த டிஎன்ஏ ஆய்லருடையது. எஸ்பெரான்சா பிறந்த இடத்திலும் சிகரெட், தீக்குச்சி கிடைத்தன. ஆனால் அதில் டிஎன்ஏ இல்லை. 'சின்னத் தீ சிலவற்றை அவர் வைத்திருக்கலாம், இதை வைத்தது அவரில்லை' என்பதுதான் அவர் தரப்பு வாதம். ஜூரி ஏற்கவில்லை. நான் அந்த ஜூரியில் இருந்திருந்தாலும் அநேகமாக அப்படித்தான் முடிவு செய்திருப்பேன். ஆனால் அன்று ராத்திரி தூங்கியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

கொல்ல வேண்டும் என்ற எண்ணமே இல்லாதவர் மேல் கொலைக் குற்றம் எப்படி நிற்கும், சார்? – சட்டக் கல்லூரி மாணவர், புதுச்சேரி

உங்கள் பேராசிரியர் இன்னும் நன்றாகச் சொல்வார் தம்பி. எனக்குத் தெரிந்தது இது. கலிஃபோர்னியாவில் தீவைப்புக் குற்றத்தால் ஒரு சாவு விழுந்தால் அது முதல்நிலைக் கொலை. கொல்லும் எண்ணம் இருந்ததா என்று தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. நம் சட்டத்தில் இப்படி நேர்வழி கிடையாது, எண்ணமோ அறிவோ காட்டியாக வேண்டும். ஆனால் குடியிருக்கும் வீட்டை எரிக்கும் நோக்கத்தோடு தீ வைத்தாலே, சாவு விழாவிட்டாலும், ஆயுள் தண்டனை வரை போகும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 436, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 326-க்குள் வருகிறது.

பிரிவில் ஒரு குறையும் இல்லை. சிக்கல் எல்லாம் சாட்சிக் கூண்டில்தான். நான் ஏறின முதல் வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்ட முதல் கேள்வி, "தீ வைத்ததை நீங்கள் பார்த்தீர்களா?" இல்லை என்றேன். "அப்புறம்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு வியர்த்துவிட்டது.

ஆய்லரைத் தூக்கில் போட்டுவிட்டார்களா என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். கலிஃபோர்னியாவில் கடைசியாக ஒரு மரண தண்டனையை நிறைவேற்றியது 2006 ஜனவரியில், அதாவது இந்தத் தீக்கு முன்னால். 2019-ல் கவர்னர் கேவின் நியூசம் அதை மொத்தமாக நிறுத்தியும் வைத்துவிட்டார்.

'சான்டா ஆனா' காற்று என்று எழுதியிருந்தீர்களே, அது என்ன காற்று? – மீனவர், தேவனாம்பட்டினம்

காற்றைப் பற்றி நீங்கள் என்னைக் கேட்பதா! நம் மேல்காற்றுக்குப் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டு மேட்டுப் பாலைவனத்திலிருந்து மலை இடுக்குகள் வழியாகக் கடலைப் பார்த்து இறங்கும். இறங்க இறங்க அழுந்திச் சூடேறும், ஒரு கிலோமீட்டர் இறக்கத்துக்குப் பத்து டிகிரி கணக்கு. ஈரப்பசையே இருக்காது. கோடை முழுக்கக் காய்ந்து கிடக்கும் புதருக்கு மேல் அக்டோபரில் இது வந்தால் மிச்சத்தைச் சொல்லவா வேண்டும்?

அந்த ஐந்து பேர் ஏன் ஓடித் தப்பிக்கவில்லை, அய்யா? – இல்லத்தரசி, மஞ்சக்குப்பம்

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தேன் அம்மா.

அவர்கள் நின்றது மலை மேல் ஒரு எண்கோண வீட்டின் வாசலில். வீட்டில் ஆள் இல்லை. வீடு இருந்தது ஓர் ஓடைப் பள்ளத்தின் தலைமாட்டில். மலைத்தீயில் அதைவிட மோசமான இடம் கிடையாது. சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். மேலே இருக்கும் புதரைக் கீழே இருக்கும் தீ முன்கூட்டியே காய்ச்சி வைத்துவிடும். பள்ளமோ புகைபோக்கி மாதிரி இழுக்கும். காலை ஏழு மணி சுமாருக்குக் காற்றும் பள்ளமும் ஒரே திசையில் அமைந்துவிட்டன. ஓட நேரமே இருந்திருக்காது. மூன்று பேர் அங்கேயே இறந்தார்கள், ஒருவர் அன்றே ஆஸ்பத்திரியில், இன்னொருவர் அக்டோபர் 31-ம் தேதி. ஆய்லரைக் கைது செய்ததும் அதே 31-ம் தேதிதான்.

பின்னால் வந்த விசாரணை அறிக்கை, அபாயத்தைக் குறைத்து எடை போட்டார்கள் என்றது. வீட்டை எப்படியாவது காப்பாற்றியாக வேண்டும் என்று தீயணைப்பாளர்கள் மேல் எல்லாரும் ஏற்றி வைத்திருக்கும் எதிர்பார்ப்பையும் சொன்னது. கோர்ட்டில் இதற்கெல்லாம் கூண்டு கிடையாது. தீ வைத்தவர் குற்றவாளி, அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. ஆனால் ஆளில்லாத வீட்டு வாசலில் அவர்களை நிறுத்தியது அந்த சிகரெட் மட்டுமில்லை.

கடலூர் முதுநகரில் ஒரு மே மாத மத்தியானம் கீற்றுக் குடிசைகள் வரிசையாகப் பற்றின. ஆட்கள் எல்லாம் வெளியே வந்தாயிற்று. ஒரு அம்மா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உள்ள பீரோ இருக்கு சார், பொண்ணு கல்யாணத்துக்கு வெச்சது" என்று அழுதார். தெருவே என்னைப் பார்த்தது. போனேன். கைப்பிடியைத் தொட்டதும் தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டது. கூரை இறங்குவதற்குள் கூட இருந்தவர் பெல்ட்டைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். அன்று ராத்திரி அவர் என்னைத் திட்டின திட்டு இங்கே அச்சில் வராது. இன்றைக்கும் ரேஷன் கடை மெஷினில் வலது கட்டைவிரலை வைத்தால் அது என்னை ஏற்காது. இடது விரலை வைத்துத்தான் அரிசி வாங்குகிறேன். அந்த பீரோவில் என்ன இருந்தது என்று நான் கேட்கவே இல்லை.

பக்கத்து வயல்காரர் கரும்புச் சோகையைக் கொளுத்தியதில் என் வேலியும் ஒரு புங்க மரமும் கருகிவிட்டன. தீவைப்பு வழக்குப் போடலாமா? – விவசாயி, நெல்லிக்குப்பம்

வேண்டும் என்றே வைத்தார் என்று உங்களால் காட்ட முடியாது. நெருப்பில் அஜாக்கிரதை என்று பாரதிய நியாய சன்ஹிதா 287-ல் புகார் கொடுக்கலாம், ஆறு மாதம் வரை தண்டனை உண்டு. அதற்கு முன்னால் ஒரு முறை அவரிடம் போய்ப் பேசிப் பாருங்கள், வேலிக்கான காசு அநேகமாக வந்துவிடும். சோகையைக் கொளுத்தாமல் பாருக்கு நடுவில் பரப்பி மூடினால் ஈரமாவது நிற்கும், அதையும் சொல்லுங்கள். கேட்கவில்லையா? மேல்காற்று அடிக்கும் மத்தியானத்தில் வைக்காதே, சாயங்காலம் காற்று அடங்கின பிறகு, வரப்போரம் ஆறடி செதுக்கி, தண்ணீர் நிரப்பின மருந்துத் தெளிப்பானோடு இரண்டு பேர் நிற்கட்டும் என்றாவது சொல்லிவிட்டு வாருங்கள்.

புங்க மரத்தை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். அடிப்பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் விட்டுவிடுங்கள், ஆவணி மழைக்குத் துளிர்க்கும்.