பணத்தைக் கட்டிவிட்டு அட்டையை நீட்டாதீர்கள்

கேள்வி: ஈரோடு மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். கணவர் தறி ஓட்டுகிறார். எங்களிடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. மாமியாருக்கு 64 வயது. ஆஞ்சியோ எடுத்ததில் இரண்டு இடத்தில் அடைப்பு, ஒரு மாதத்துக்குள் ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்கிறார்கள். அவர் எங்களோடுதான் இருக்கிறார், ஆனால் ரேஷன் கார்டில் அவர் பெயர் கோபியில் மளிகைக்கடை வைத்திருக்கும் மூத்த மகனோடு இருக்கிறது. "இப்போதைக்கு ஒரு லட்சம் கட்டுங்கள், காப்பீட்டுப் பணம் வந்ததும் திருப்பித் தருகிறோம்" என்கிறது தனியார் மருத்துவமனை. வாசலில் நிற்கும் ஒருவர், நாலாயிரம் கொடுத்தால் மாமியாருக்குத் தனி அட்டையே எடுத்துத் தருகிறாராம். என்ன செய்யட்டும்?

பதில்: அந்த ஒரு லட்சத்தைக் கட்டாதீர்கள், அம்மா. கடன் வாங்கியோ நகையை வைத்தோ கட்டவே கட்டாதீர்கள். இந்தத் திட்டத்தில் நோயாளி பணம் கட்டிவிட்டு, பிறகு பில்லைக் காட்டித் திரும்ப வாங்கும் வழி கிடையாது. மருத்துவமனை முதலில் காப்பீட்டு நிறுவனத்திடம் முன் அனுமதி வாங்க வேண்டும். சிகிச்சை முடிந்ததும் பணம் நேராக மருத்துவமனைக்குப் போகும். உங்கள் கை வழியாக ஒரு ரூபாய்கூடப் போக வேண்டியதில்லை. போன வருடம் ஒரு பெரியவர் மஞ்சள் பை நிறைய பில்லோடு என்னிடம் வந்தார். 85 ஆயிரம் கட்டியிருந்தார். அதில் பாதி, மருத்துவமனைப் பெயரே இல்லாத வெள்ளைத் துண்டுச்சீட்டு. கடைசிவரை என்னால் அவருக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

வாசலில் நிற்பவருக்கு வருவோம். அட்டை இலவசம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இதற்கென்றே ஒரு பதிவு மையம் இருக்கிறது. ரேஷன் கார்டு, ஆதார், விஏஓவிடம் வாங்கிய வருமானச் சான்று இவற்றோடு போனால் பதிந்து தருவார்கள். அந்த ஆளும் அங்கேதான் போய் நிற்கப் போகிறார். உங்கள் ஆதாரையும் கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாளையும் அவரிடம் கொடுத்தால் நாளைக்கு அது எதற்குப் பயன்படும் என்று யாருக்குத் தெரியும்? தவிர, அவர் சொல்கிற 'தனி அட்டை' உங்கள் மாமியாருக்குக் கிடைக்காது. காரணம் ரேஷன் கார்டு.

உங்கள் விஷயத்தில் முடிச்சு விழுந்திருப்பதே இங்கேதான். இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் ரேஷன் கார்டில் உள்ள பெயர்கள். யார் சோறு போடுகிறார்கள், யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார்கள் என்பதெல்லாம் கணக்கில் வராது. உங்கள் மாமியார் இப்போது கோபியில் இருக்கும் மூத்த மகன் குடும்பத்தில் ஒருவர். ஆகவே முதல் வேலை, மூத்தவரிடம் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் தொல்லை தீர்ந்தது. அந்த அட்டையை வாங்கிக்கொண்டு போங்கள், மாமியார் உங்கள் வீட்டில் இருப்பது தடையே அல்ல. அட்டை இல்லை, ஆனால் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் என்று விஏஓ சான்று தருவார் என்றால், அவர்கள் பெயரிலேயே புதிதாக எடுக்கலாம். கடை வருமானம் அதைத் தாண்டுகிறது என்றால்தான் அவர் கார்டிலிருந்து பெயரை நீக்கி உங்கள் கார்டில் சேர்க்க வேண்டிவரும். இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போடலாம். இழுத்தடித்தால் வட்ட வழங்கல் அலுவலகத்தில் போய் நில்லுங்கள், மருத்துவரின் சீட்டைக் காட்டுங்கள். ரேஷன் கார்டில் சேர்ந்தால் மட்டும் போதாது, காப்பீட்டு அட்டையிலும் மாமியார் பெயரைச் சேர்க்க வேண்டும். பாதிப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள். பெயரை எடுத்தால் சொத்தில் பங்கு போய்விடும் என்று யாராவது கிளப்புவார்கள். ரேஷன் கார்டுக்கும் சொத்துக்கும் சம்பந்தமில்லை. அரிசி அளவு குறையலாம், அவ்வளவுதான்.

அந்த 1,20,000 பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. முன்பு 72,000 என்று இருந்ததை உயர்த்தினார்கள், சரி. ஆனால் நாளுக்கு 600 ரூபாய் கூலி வாங்கும் ஒரு கொத்தனார் மாதம் 25 நாள் வேலைக்குப் போனால் ஆண்டுக்கு 1,80,000 ஆகிறது. காகிதப்படி அவர் வசதியானவர்! ஒரே ஒரு ஸ்டென்ட் அவரைத் தெருவில் நிறுத்திவிடும். இந்த வரம்பை எழுதியவர்கள் அதை எந்த ஊர்ச் சந்தையில் விசாரித்தார்களோ.

இனி மருத்துவமனை. வாசலில் காப்பீட்டுத் திட்டப் பலகை தொங்குவதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு மருத்துவமனைக்கு எலும்பு சிகிச்சைக்கு அங்கீகாரம் இருக்கும், இதயத்துக்கு இருக்காது. உள்ளே காப்பீட்டுத் திட்ட கவுண்டரில் "இந்தச் சிகிச்சைக்கு இங்கே அனுமதி உண்டா?" என்று நேராகக் கேளுங்கள். மழுப்பினால் 1800 425 3993 என்ற இலவச எண்ணுக்கு அவர்கள் எதிரிலேயே போன் போடுங்கள். பல இடங்களில் அந்த எண்ணை அழுத்த ஆரம்பித்ததுமே பேச்சு மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

"அரசாங்கம் தருவது சாதா ஸ்டென்ட், வெளிநாட்டு ஸ்டென்ட் வேண்டுமென்றால் கூடுதலாக ஐம்பதாயிரம்" என்றும் சொல்வார்கள். அனுமதித்த தொகையில் ஸ்டென்ட், மருந்து, படுக்கை, சாப்பாடு எல்லாம் அடக்கம். ஸ்டென்ட் விலைக்கு 2017 பிப்ரவரியிலேயே மத்திய அரசு உச்சவரம்பு வைத்துவிட்டது. அதற்குப் பிறகும் இந்தப் பாட்டு ஓயவில்லை. கூடுதல் பணம் கேட்பவர்களிடம் "எழுதி, சீல் வைத்துக் கொடுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள்.

இடையில் மாமியாருக்கு நெஞ்சு வலி வந்தால் அட்டை, பெயர் மாற்றம் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு 108-ஐ அழையுங்கள். அரசு மருத்துவமனையிலும் இதே அட்டை செல்லும். உண்மையைச் சொன்னால், கோவை அரசு மருத்துவமனையில் முதலிலேயே காட்டியிருந்தால் இந்த ஒரு லட்சம் பேச்சே வந்திருக்காது. இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. ஆஞ்சியோ சிடியையும் அறிக்கையையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் கட்டி எடுத்த பரிசோதனை அது, தர மாட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை.