இஸ்ரேல் சுதந்திர தினப் பழைய போஸ்டர்களைச் சேகரிக்க ஆசை. அசல் எது, மறுபதிப்பு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இணையத்தில் ஏதோ ஒன்றைப் பார்த்துவிட்டு, பணம் கட்டலாமா வேண்டாமா என்ற தவிப்பில்தான் இதைக் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு நாள் பொறுங்கள், இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

முதலில், தலைப்பைப் பார்த்ததுமே கமெண்டில் சண்டைக்கு வரப்போகிறவர்களுக்கு. 1948 மே 14 அன்று டெல் அவீவில் அந்த நாடு அறிவிக்கப்பட்டது. மே 15-ஐ பாலஸ்தீனர்கள் நக்பா, அதாவது பேரழிவு, என்று துக்க நாளாக நினைவுகூர்கிறார்கள். இரண்டும் தெரிந்துதான் எழுதுகிறேன். ஒரு போஸ்டரை வைத்திருப்பவன் எல்லாம் அதை வெளியிட்ட அரசுக்குக் கொள்கை பரப்புச் செயலாளர் ஆகிவிட மாட்டான். எனக்கு இதில் பிடித்தது அச்சு, வண்ணம், எழுத்து. அவ்வளவுதான்.

ஆராய்ச்சிக்காகச் சில வருடங்கள் இஸ்ரேலில், ரெஹோவோத் என்ற ஊரில் இருந்தேன். அதைவிட முக்கியம், நான் சிவகாசிக்காரன். அப்பா வேலை பார்த்த காலண்டர் அச்சகத்தில் மை வாசனையோடு வளர்ந்தவன். எந்தத் தாளைக் கையில் கொடுத்தாலும் முதலில் புள்ளியைப் பார்ப்பேன், அப்புறம்தான் படம்.

டெல் அவீவை ஒட்டிய பழைய துறைமுக ஊரான யாஃபாவில் மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் பழைய சாமான் சந்தை ஒன்று இருக்கிறது. ஓடாத கடிகாரம், பித்தளை மெழுகுவர்த்தித் தண்டு, யாரோ ஒருவருடைய கல்யாண ஆல்பம் எல்லாம் தரையில் கிடக்கும். அங்கே ஒரு வியாபாரி சுருளைப் பிரித்து ஒரு போஸ்டரைக் காட்டினார். இருபதாவது சுதந்திர தினம், 1968. "அஹி, மடிச்ச தடத்தைப் பாருங்க, இத்தனை வருஷமா எங்க பாட்டி அலமாரியில கிடந்தது" என்றார். அஹி என்றால் எபிரேயத்தில் தம்பி, அண்ணா மாதிரி. குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, வெள்ளைக் கோடாக மடிப்பு. பார்க்கப் பழசாகத்தான் இருந்தது.

அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து இழுத்தேன். தாள் வழவழவென்று ஒரே சீராகப் போனது. கண்ணுக்கு மடிப்பு இருக்கிறது, விரலுக்கு இல்லை! யாரோ ஒரு அசலை ஸ்கேன் செய்து, அதன் மடிப்பையும் சேர்த்து அச்சடித்திருக்கிறார்கள். சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாதென்று பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தேன். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே, அது. அசலில் ஒரே மையில் தட்டையாக விழுந்திருக்க வேண்டிய ஆரஞ்சு வண்ணத்தின் இடத்தில் மஞ்சளும் மெஜந்தாவும் புள்ளி புள்ளியாகப் பூத்திருந்தன. வியாபாரிக்கும் காட்டினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணாடியை வாங்கி வைத்துக்கொண்டு, அங்கேயே தன் கடையிலிருந்த மற்ற சுருள்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, கண்ணாடி திரும்பக் கிடைக்கிற வழியைக் காணோம்.

புள்ளி இருந்தாலே போலி என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். புகைப்படம் வைத்துச் செய்த போஸ்டர் என்றால் அசலிலும் புள்ளி இருக்கும். அதனால் படத்தை விட்டுவிட்டு எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள். அசலில் எழுத்து ஒரே மையில் அழுத்தமாக விழுந்திருக்கும். ஸ்கேன் செய்ததில் எழுத்தின் விளிம்பிலும் வண்ணப் புள்ளிகள் சிதறியிருக்கும்.

அடுத்தது வருடம். பெரும்பாலும் யூத நாட்காட்டியின் எபிரேய ஆண்டைத்தான் போட்டிருப்பார்கள், அதுவும் எழுத்துகளில். தாவ் என்றால் 400, ஷின் என்றால் 300. இரண்டும் சேர்ந்து 700, முன்னால் வரும் ஐயாயிரத்தை எழுத மாட்டார்கள். நாடு பிறந்தது 5708-இல். ஆகவே பத்தாவது, இருபதாவது, முப்பதாவது ஆண்டுப் போஸ்டர்கள் எல்லாவற்றிலும் ஆண்டு 'ஹெத்' என்ற எழுத்தில்தான் முடியும், அதன் மதிப்பு 8. சுதந்திர தினம் வசந்த காலத்தில் வருவதால் எபிரேய ஆண்டிலிருந்து 3760-ஐக் கழித்தால் நம் ஆண்டு வந்துவிடும். 5728 என்றால் 1968. இந்தக் கணக்கு தெரிந்தால் "பத்தாம் ஆண்டு" என்று சொல்லி வேறு எதையோ உங்கள் தலையில் கட்ட முடியாது.

"1948-லேயே அச்சடித்தது" என்று யாராவது விற்றால், ஏழு கிளை கொண்ட மெனோரா விளக்கும் இரு பக்கமும் ஒலிவக் கிளைகளும் உள்ள அரசுச் சின்னம் அதில் இருக்கிறதா பாருங்கள். ஷமீர் சகோதரர்கள் வரைந்த அந்தச் சின்னம் ஏற்கப்பட்டது 1949 பிப்ரவரி 10-ஆம் தேதி. அதற்கு முந்தைய போஸ்டரில் அது வர வாய்ப்பே இல்லை. கேப்ரியேல், மாக்ஸிம் என்ற அந்த இருவரும் லாட்வியாவில் பிறந்து, பெர்லினில் படித்து, 1935-இல் டெல் அவீவுக்கு வந்தவர்கள். சுதந்திர தினப் போஸ்டர்களும் வரைந்திருக்கிறார்கள். தொடக்கக் காலப் போஸ்டர்களின் எழுத்தமைப்பில் ஐரோப்பிய வாசனை அடிப்பது இப்படி வந்தவர்களால்தான். என் ரசனைக்கு ஐம்பதுகளில் வந்தவைதான் உச்சம். இஸ்ரேல் வென்ற 1967 போருக்குப் பின் வந்தவற்றில் பெருமிதம் கூடிவிட்டது, எனக்கு ஒட்டவில்லை. உங்களுக்கு வேறு மாதிரி தோன்றலாம்.

இதே வரிசையில் 'விசிட் பாலஸ்தீன்' போஸ்டரையும் காட்டுவார்கள். அது சுதந்திர தினப் போஸ்டரே அல்ல. ஃப்ரான்ஸ் க்ராஸ் என்ற வடிவமைப்பாளர் 1936-இல் சுற்றுலாவுக்காக வரைந்தது. இஸ்ரேலிய வடிவமைப்பாளர் டேவிட் தர்தகோவர் 1995-இல் மறுபதிப்பு போட்டார், அதன் பிறகு இரு தரப்பார் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. கடைவீதியில் நீங்கள் பார்ப்பது கிட்டத்தட்ட நிச்சயமாக மறுபதிப்புதான். பிடித்திருந்தால் மறுபதிப்பு விலைக்கு வாங்குங்கள், அதில் கேவலம் ஒன்றுமில்லை.

அசல்கள் தெருவில் ஒட்டுவதற்காக மலிவுத் தாளில் அடித்தவை. ஓரம் பழுப்பேறியிருப்பதும் நொறுங்குவதும் சகஜம். பின்னால் துணி வைத்து ஒட்டிக் காப்பாற்றியிருந்தால் பரவாயில்லை, பலகையில் பசை போட்டு ஒட்டியதை மட்டும் தொடாதீர்கள். செலோ டேப் போட்டதும் வேண்டாம், பத்து வருடத்தில் அந்த இடம் மஞ்சளாகிவிடும்.

சரி, இவ்வளவு பார்த்து ஒரு அசலை வாங்கி, குழாயில் சுருட்டிச் சென்னை வரை கொண்டுவந்தேன். மாட்டினேனா? இல்லை. வீட்டு ஓனர் ஆணி அடிக்கக் கூடாது என்கிறார். பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கி வைத்துக்கொண்டு, மாதம் பிறந்ததும் வாடகையையும் எண்ணி வாங்குகிற மனிதர், ஒரு ஆணிக்கு "சுவர் போயிடும் சார்" என்கிறார். அவர் வீட்டு வரவேற்பறையில் எட்டு சாமி படம், இரண்டு பட்டமளிப்பு விழாப் போட்டோ, ஒரு மானின் தலை. எல்லாம் ஆணியில்தான் தொங்குகிறது. ஒட்டிக்கொள்ளும் கொக்கி வாங்கிப் பார்த்தேன். ஐப்பசி மழை ஈரத்தில் ராத்திரி படாரென்று விழுந்து, கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். சுண்ணாம்புச் சுவரில் நிற்கிற கொக்கி ஏதாவது யாருக்காவது தெரிந்தால் கமெண்டில் போடுங்கள், கண்ணாடிச் சட்டத்தோடு நாலு கிலோ வரும்.