ஞாயிறு மாலை விமானம் யாருக்காக?

கேள்வி: நானும் கணவரும் ஹூஸ்டனில் இருக்கிறோம். பத்தாவது கல்யாண நாளுக்கு டிசம்பரில் மெக்ஸிகோவின் பிளாயா டெல் கார்மனுக்கு ஸ்கூபா டைவிங் போகிறோம். இருவரும் இந்த வருஷம்தான் ஓப்பன் வாட்டர் என்ற ஆரம்பநிலை டைவிங் சான்றிதழ் வாங்கினோம். வெள்ளி, சனி, ஞாயிறு காலை டைவ். ஞாயிறு மாலை விமானம். கோசுமெல் தீவுப் பவளப்பாறையா, செனோட்டே என்ற நன்னீர்க் குகையா, சுறாவா, எதற்கு நாள் ஒதுக்குவது? குழந்தைகளை (8, 5 வயது) ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா பார்த்துக்கொள்வார். கடல் என்றால் பயப்படுவார் என்பதால், “கம்பெனி விழா, ஞாயிறு ராத்திரி வந்துவிடுவோம்” என்று சொல்லியிருக்கிறோம்.

- பெயர் வேண்டாம், ஹூஸ்டன்

பதில்: கடலைப் பற்றி விலாவாரியாக எழுதிவிட்டு, அம்மாவைக் கடைசியில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் கண்ணில் பட்டது.

அம்மா பயப்படுவார் என்று எழுதுகிறவர்கள் எனக்குப் புதிதில்லை. பெரும்பாலும் பயம் பிள்ளைகளுக்குத்தான்: அம்மா “போகாதே” என்றால் என்ன பதில் சொல்வது என்று. உங்களுக்கு முப்பத்தைந்தாவது இருக்கும். இன்னும் டியூஷன் என்று சொல்லிவிட்டு சினிமாவுக்குப் போகிற கணக்கா?

அந்தப் பொய் உங்கள் பயணத் திட்டத்துக்குள்ளேயே புகுந்திருக்கிறது, பாருங்கள். ஞாயிறு காலை தண்ணீருக்குள் இருந்துவிட்டு அன்று மாலையே விமானம் ஏறுவது ஆபத்து. ஆழத்தில் அழுத்தம் கூடும்போது மூச்சில் இழுக்கும் நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேர்கிறது. அது மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் அழுத்தம் குறைந்த விமானத்துக்குள் போய் உட்கார்ந்தால் உடம்புக்குள்ளேயே குமிழ் கட்டும். மூட்டுவலியில் தொடங்கி கைகால் விளங்காமல் போவது வரை எதுவும் நடக்கலாம். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற டைவிங் பாதுகாப்பு அமைப்பு சொல்வது, ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி. நான் 24 என்பேன். சான்றிதழ் வகுப்பிலேயே இதைச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். உங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஞாயிறு ராத்திரி என்று அம்மாவிடம் வாய்விட்டுவிட்டீர்கள், அதற்கு ஏற்றபடி விமானம் பிடிக்கிறீர்கள்.

இன்னொன்று. டைவ் கடையில் நீட்டும் படிவத்தில் அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஓர் இடம் இருக்கும். கணவர் உங்கள் பெயரைப் போடுவார், நீங்கள் அவர் பெயரைப் போடுவீர்கள். இருவரும் ஒரே படகில், ஒரே நேரத்தில் தண்ணீருக்குள். அப்புறம் அந்தப் பெயர்களால் யாருக்கு என்ன பயன்? குமிழ் கட்டினால் அழுத்தம் கூட்டிய அறைக்குள் வைத்துச் சிகிச்சை செய்வார்கள், பிளாயாவிலும் கோசுமெல்லிலும் அது உண்டு. ஒருமுறை உள்ளே வைத்தால் ஏறக்குறைய 5 மணி நேரம். அந்த நேரத்தில் ஹூஸ்டனில், காரும் ஓட்டத் தெரியாமல், பக்கத்து வீட்டில் யார் என்றும் தெரியாமல், இரண்டு பிள்ளைகளோடு “ஏன் இன்னும் போனை எடுக்கவில்லை” என்று ஒரு வயசானவர் உட்கார்ந்திருப்பார். கம்பெனி விழாவில் இருக்கும் மகளைப் பற்றி மெக்ஸிகோவிலிருந்து யாரோ ஆங்கிலத்தில் கூப்பிட்டால் அவருக்கு என்ன புரியும்?

பெற்றவளைச் சம்பளமில்லாத ஆயாவாக வைத்துக்கொள்வதே எனக்கு உவப்பில்லை. ஆசையாகப் பார்த்துக்கொள்கிறார் என்றால் சரி, ஆனால் எதற்குப் பொறுப்பேற்கிறோம் என்று அவருக்குத் தெரிய வேண்டும். இந்த வாரமே உட்காரவைத்துச் சொல்லுங்கள். திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். ஹோட்டல் எண், டைவ் கடை எண், ஹூஸ்டனில் தமிழ் பேசும் நண்பர் ஒருவரின் எண், மூன்றையும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். குழந்தைகளுக்கு மருத்துவம் பார்க்க அம்மாவுக்கும் அந்த நண்பருக்கும் அனுமதிக் கடிதம் கையெழுத்துப் போட்டு வையுங்கள். அந்த நண்பர் பெயரைத்தான் படிவத்திலும் எழுத வேண்டும். சாதாரணப் பயண இன்ஷூரன்ஸில் டைவிங்கை விலக்கியிருக்கலாம். படித்துப் பார்த்து, தனியாக எடுங்கள்.

டைவிங்குக்கே போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கல்யாண நாளுக்குப் புருஷன் பெண்டாட்டி தனியாக நாலு நாள் போவது நல்லதுதான்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். வெள்ளிக்கிழமையே கோசுமெல்லுக்கு வையுங்கள். பிளாயாவிலிருந்து படகில் முக்கால் மணி நேரம். நீரோட்டமே உங்களை பலன்கார் என்ற பவளப்பாறை ஓரமாக இழுத்துக்கொண்டு போகும். உங்கள் சான்றிதழுக்கு 18 மீட்டர் ஆழம்தான் எல்லை, பாறைச் சுவர் கீழே போகிறதே என்று நீங்களும் போகாதீர்கள். டிசம்பரில் ‘நோர்த்தே’ என்ற வடகாற்று கிளம்பினால் சிறு படகுகளை விடாமல் துறைமுகத்தையே மூடிவிடுவார்கள். அப்போது கோசுமெல் சனிக்கிழமைக்குத் தள்ளிப்போகும், சனியும் போனால் ஞாயிறுக்குக் கை நீளும். அம்மாவிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு போன் போட்டு விமானத்தைத் திங்கள் மாலைக்கு மாற்றிக்கொள்ளலாம். காற்று இல்லாவிட்டால் சனி மதியத்தோடு டைவை முடித்துக்கொண்டு, ஞாயிறு துலும் போய் மாயன் கோட்டைச் சுவரைப் பார்த்துவிட்டு விமான நிலையம் போங்கள்.

செனோட்டே என்பது சுண்ணாம்புப் பாறை இடிந்து உண்டான நன்னீர்க் குகை. வெளிச்சம் தெரியும் பகுதியைத் தாண்டாமல், குகைச் சான்றிதழ் உள்ள வழிகாட்டியோடுதான் இறங்க வேண்டும். மிதப்பைக் கட்டுப்படுத்த இன்னும் தடுமாறுகிறீர்கள் என்றால் மேலே நீந்திப் பார்த்துவிட்டு வாருங்கள். டிசம்பர் காளைச் சுறா வரும் மாதம்தான், ஆனால் அந்த டைவ் சுமார் 25 மீட்டர் ஆழம். இந்த முறை இல்லை.