பசைக்குள் விழும் முடிச்சு: வாசகர் கேள்வி பதில்

டேப் தயாரிக்கும் ஆலையில் 27 ஆண்டுகள் தரப் பரிசோதனை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பசை பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: புது எவர்சில்வர் பாத்திரத்தில் சில ஸ்டிக்கர் ஒரே இழுப்பில் சுத்தமாக வந்துவிடுகிறது. சிலது பாதிப் பசையைப் பிசுபிசுவென்று விட்டுவிட்டுத்தான் வருகிறது. மட்டமான பசையா?
வாசகி, கும்பகோணம்

பதில்: மட்டம் என்று சொல்லிவிட முடியாது, அம்மா. பசைக்குள் இருப்பவை நீள நீளமான மூலக்கூறு இழைகள். ஒரு நூல் குவியலை நினைத்துக்கொள்ளுங்கள். பிடித்து இழுத்தால் இழை இழையாக உருவிக்கொண்டு வரும். அப்படித்தான் ஸ்டிக்கரை உரிக்கும்போது பசை நடுவில் பிய்ந்து, பாதி காகிதத்தோடும் பாதி பாத்திரத்தோடும் போகிறது. அதே நூலில் அங்கங்கே முடிச்சுப் போட்டுவிட்டால் குவியல் மொத்தமாக வரும். இந்த முடிச்சுக்குப் புத்தகத்தில் குறுக்குப் பிணைப்பு என்று பெயர். ஆலையில் எங்களுக்கு அது க்ராஸ்லிங்க்.

பல ஸ்டிக்கர்களில் உருக்கிப் பூசுகிற ரப்பர் பசை இருக்கும். அதன் இழைகளில் ஸ்டைரீன் என்ற பொருளாலான பகுதிகள் குட்டிக் குட்டி உருண்டைகளாகத் திரண்டு முடிச்சு வேலையைச் செய்கின்றன. சூடு பட்டால் அவை இளகிவிடும். பாத்திரத்தின் உள்பக்கத்தை அடுப்பில் லேசாகக் காட்டிவிட்டு, மூலையிலிருந்து மெதுவாக உரியுங்கள். மிச்சப் பிசுக்குக்குத் தேங்காய் எண்ணெய் தடவி அரை மணி நேரம் ஊறவிட்டுத் துடைத்தால் போதும்.

கேள்வி: கல்லூரி ப்ராஜெக்டுக்காக அக்ரிலிக் பசை செய்கிறேன். க்ராஸ்லிங்க்கர் (முடிச்சுப் போடும் பொருள்) கூட்டக் கூட்ட ஷியர் (எடை தொங்கினாலும் வழுக்காமல் தாங்கும் பலம்) ஏறுகிறது, டேக் (தொட்டதும் ஒட்டும் தன்மை) இறங்குகிறது. எந்த அளவில் நிறுத்துவது, ஐயா?
மாணவர், கோவை

பதில்: நீங்கள் கண்டது சரிதான், தம்பி. இதில் நான் ஒரு தடவை வசமாகத் தவறியிருக்கிறேன். நாங்கள் பியூட்டைல் அக்ரிலேட், 2-எத்தில்ஹெக்சைல் அக்ரிலேட் இரண்டோடும் கொஞ்சம் அக்ரிலிக் அமிலம் சேர்ந்த பசையை ஓட்டிக்கொண்டிருந்தோம். முடிச்சுக்கு அலுமினியம் அசிட்டைல்அசிட்டோனேட். உலர்த்தும் அடுப்பில் கரைப்பான் ஆவியாகிப் போகும்போது, அலுமினியம் அந்த அமிலக் கைகளைப் பிடித்துக் கட்டிவிடும். ஒரு நைட் ஷிஃப்டில் அது இரண்டு மடங்கு விழுந்துவிட்டது.

ஷியர் டெஸ்ட் வைத்தவன் நான். ஸ்டீல் தகட்டில் ஓர் அங்குலச் சதுரத்துக்கு டேப், கீழே 1 கிலோ எடை. வழக்கமாகச் சில மணி நேரத்தில் வழுக்கத் தொடங்கும். அன்றைக்கு விடிந்த பிறகும் மயிரிழைகூட நகரவில்லை. அந்தச் சந்தோஷத்தில் பீல், அதாவது உரித்துப் பார்க்கும் சோதனையின் முடிவு வரும் முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்றாம் நாள் வாடிக்கையாளரின் கிடங்கில் அட்டைப்பெட்டிகள் வரிசையாக வாய் திறந்து நின்றன. ஒரு டேப்பைத் திருப்பிப் பார்த்தேன். பசைப் பக்கம் பளபளவென்று இருந்தது, அட்டையின் ஒரு நார்கூட அதில் இல்லை. விரலை வைத்தால் ஒட்டியும் ஒட்டாமலும் விலகியது. இன்றும் என் மனதை உறுத்துகிற தவறு அது.

ஒட்ட வேண்டுமானால் பசை முதலில் பரப்பின் மேடு பள்ளத்தில் இறங்கிப் படிய வேண்டும். 3எம் நிறுவனத்தில் இருந்த கார்ல் டால்க்விஸ்ட் இதற்கு ஓர் எல்லை வகுத்தார். பசையின் விறைப்பு சுமார் 3 லட்சம் பாஸ்கலுக்குக் கீழே இருந்தால்தான் லேசான அழுத்தத்தில் அது படியும். முடிச்சு கூடினால் விறைப்பும் கூடும். எல்லை தாண்டினால், தொங்கவிட்ட எடையைத் தாங்கும் பசைகூட அட்டையைப் பற்றாது.

அதனால் என்னிடம் ஒரே எண்ணைக் கேட்காதீர்கள். சிறு சிறு படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் 180 டிகிரியில் நிமிடத்துக்கு 300 மி.மீ. வேகத்தில் ஸ்டீல் தகட்டிலிருந்து உரித்துப் பாருங்கள். உரிக்கும் விசையைக் காட்டும் மீட்டரைவிடத் தகட்டைக் கவனியுங்கள். பசை அதில் தங்கினால் முடிச்சு போதவில்லை. சுத்தமாக வரத் தொடங்கும் இடத்தை ஒட்டியே நில்லுங்கள். அதற்கு மேல் போகப் போக பீல் சரியும். கூடவே, பசையைக் கரைப்பானில் ஊறவைத்து, கரையாமல் மிஞ்சும் ஜெல்லையும் (முடிச்சு விழுந்த பகுதி) எடை போட்டுக் குறித்து வையுங்கள்.

புது ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டி வரும் பாதுகாப்பு ஃபிலிமின் கதை வேறு. மாதக்கணக்கில் இருந்துவிட்டும் சுவடில்லாமல் வர வேண்டும் என்பதால், அதில் வேண்டுமென்றே முடிச்சை நிறையப் போடுகிறார்கள்.

கேள்வி: தாத்தாவின் கல்யாண போட்டோ கிழிந்திருந்த இடத்தில் ஒட்டிய பழைய செலோடேப் மஞ்சளாகி மொறுமொறுவென்று உதிர்கிறது. கறையை எண்ணெய் வைத்து எடுக்கலாமா?
வாசகர், காரைக்குடி

பதில்: எண்ணெய் வேண்டவே வேண்டாம், படம் பாழாகிவிடும். பழைய டேப்பில் இருந்தது ரப்பர் பசை. காற்று பட்டுப் பட்டு அது முதலில் இளகி, எண்ணெய் போலத் தாளுக்குள் இறங்கும். அப்புறம் யாரும் போடாமலே இழைகளுக்குள் முடிச்சு விழுந்து, மஞ்சளாக இறுகிவிடும். இறுகிய பிறகு அது சரியாகக் கரையாது. முதலில் போட்டோவை ஸ்கேன் செய்து வையுங்கள். தானாகக் கழன்று நிற்கும் டேப் ஃபிலிமை மட்டும் எடுங்கள். கறையைப் பழைய ஆவணங்களைச் செப்பனிடத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். இனி அந்தப் படத்தை டேப் இல்லாமல், நான்கு மூலைக்கும் காகித மூலை செருகி ஆல்பத்தில் வைத்தால் போதும்.