பருப்பு ஒட்டிய பாட்டில்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் வீட்டு டீப் பெட்டி (தேயிலை அடைத்து அனுப்புகிற பெட்டி) பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து கடிதம் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். நான் குன்னூரில் இருக்கிறேன். கொரோனா ஊரடங்கில் பொழுது போகாமல் பாட்டிலில் படம் வரைய ஆரம்பித்து, அப்புறம் டப்பா, அட்டை, பழைய சிடி, பிளாஸ்டிக் ஸ்பூன், முட்டை ஓடு என்று கையில் கிடைத்ததையெல்லாம் வைத்து ஏதாவது செய்துகொண்டிருக்கிறேன். ஷோகேஸ் நிறைந்து, கட்டிலுக்கு அடியிலும் வைத்தாகிவிட்டது. எண்ணிப் பார்த்தேன், 43 இருக்கிறது.

ஆனால் இங்கே எதுவும் நிற்பதில்லை அக்கா. மழை பிடித்தால் அட்டையில் பூஞ்சை வருகிறது, ஃபெவிகால் இரண்டு நாளானாலும் பிசுபிசுவென்று இருக்கிறது, க்ளூ கன்னில் ஒட்டிய முத்தெல்லாம் பாட்டிலிலிருந்து ஒவ்வொன்றாக உதிர்கிறது. பருப்பும் மிளகும் ஒட்டி ஒரு பாட்டில் செய்தேன், வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள், மூன்றாம் மாதம் அதிலிருந்து வண்டு புறப்பட்டது. "குப்பைக்கு மேக்கப் போட்டு வச்சிருக்கே" என்கிறார் என் வீட்டுக்காரர். மகளின் பள்ளியில் 'பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்' செய்து வரச் சொன்னார்கள். கடைக்குப் போனால் அதற்கென்றே புது ஐஸ் குச்சி கட்டுக்கட்டாக விற்கிறது, நானும் 2 கட்டு வாங்கினேன், வெட்கமாகத்தான் இருந்தது.

மே சீசனில் சின்னதாக ஒரு கடை போடலாமா என்று தோழி கேட்கிறாள். மாமியாரின் பழைய தோடர் சால்வை ஒன்று ஓட்டை விழுந்து கிடக்கிறது, அதை வெட்டிச் சுவரில் மாட்டுகிற மாதிரி செய்யலாமா என்றும் ஒரு யோசனை. நேராகவே சொல்லுங்கள், நான் செய்வதில் ஏதாவது பிரயோஜனம் உண்டா, இல்லை என் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரியா?

பெயர் போட வேண்டாம்.
குன்னூர் வாசகி


அன்புள்ள குன்னூர் வாசகிக்கு,

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன், அவர் பக்கத்தில் இல்லாதபோது படியுங்கள்.

அந்தப் பருப்புப் பாட்டிலையே எடுத்துக்கொள்வோம். பருப்பு ஒட்டுவதற்கு முன்னால் அது ஒரு கண்ணாடி பாட்டில். கழுவி வைத்தால் பழைய சாமான் கடைக்காரர் எடுத்துக்கொள்வார், மலையிறங்கிப் போய் உருகி இன்னொரு பாட்டிலாகும். மதுபாட்டிலாக இருந்தால் அதற்கு இன்னும் மரியாதை. நீலகிரியில் 2022 மே 15-லிருந்து காலி பாட்டிலை டாஸ்மாக் கடையில் கொடுத்தால் 10 ரூபாய் திரும்பி வருகிறது (வாங்கும்போது கூடுதலாகக் கட்டிய 10 ரூபாய்தான், யாரும் தானம் செய்யவில்லை). காட்டில் உடைத்துப் போட்ட பாட்டில் யானையின் காலைக் கிழிக்கிறது என்பதால் உயர் நீதிமன்றம் தலையிட்டு, தமிழ்நாட்டிலேயே முதலில் நம் மலையில்தான் இதை ஆரம்பித்தார்கள். அப்படிப்பட்ட பாட்டிலின் மேல் பெயின்ட், ஃபெவிகால், எம்-சீல், ஜிகினா, துவரம்பருப்பு எல்லாம் ஏற்றிய பிறகு கடைக்காரர் தொட மாட்டார், 10 ரூபாய் வராது, எண்ணெய் ஊற்றி வைக்கவும் ஆகாது. வண்டுக்கு மட்டும்தான் ஆகும். கட்டிலுக்கு அடியில் இருப்பதில் பாதிக்கு மேல் இந்தக் கதையாகத்தான் இருக்கும். குப்பை குறையவில்லை, பழைய சாமான் கடைக்குப் போயிருக்க வேண்டியது எங்கேயும் போக முடியாமல் உங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

நானும் இதையெல்லாம் செய்தவள்தான். முட்டை ஓட்டை உடைத்து ஒட்டி ஒரு ஜாடி செய்தேன், வீடு மாறும்போது அதை என்ன செய்வதென்று தெரியாமல் அடுத்து வந்த குடித்தனக்காரருக்குப் 'பரிசாக' விட்டுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு எதையாவது செய்ய உட்கார்ந்தால் எனக்கு ஒரே கேள்விதான், இதைத் திரும்பப் பிரிக்க முடியுமா? தைத்தால் பிரிக்கலாம், கட்டினால் அவிழ்க்கலாம், செருகினால் உருவலாம். கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் அட்டையும் ஒன்றாக ஒட்டிப் போய்விட்டால் அதோடு சரி. பெயின்டே கூடாது என்று சொல்லவில்லை. தகர டப்பாவுக்குத் தாராளமாக அடியுங்கள், அடிக்காவிட்டால் நம் ஈரத்துக்கு இரண்டு மழைகூடத் தாங்காது, உருக்கும்போது பெயின்ட் எரிந்துபோகும், கடைக்காரரும் எடைக்கு எடை எடுத்துக்கொள்வார். நம் ஊர் ஜன்னலோரம் எல்லாம் பெயின்ட் டின்னில் ஜெரேனியம் வைத்திருக்கிறார்களே, அதைவிட நல்ல கைவேலை எது? அடியில் ஆணியால் நாலு ஓட்டை போட்டால் வேலை முடிந்தது. ஓட்டுப்பட்டறையில் குப்பையைத் தரம் பிரிக்கிற இடத்தை ஒரு நாள் மகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள், எது எங்கே போகிறது, எது போக முடியாமல் ஒதுங்குகிறது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும்.

இனி உங்கள் பசைக் கஷ்டம். ஃபெவிகாலில் இருக்கிற தண்ணீர் வெளியேறினால்தான் அது இறுகும். மூடுபனிக் காலத்தில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது அந்தத் தண்ணீர் எங்கே போகும்? க்ளூ கன் வேறு மாதிரி, சூட்டில் உருகி ஆறும்போது பிடிக்கிற பசை அது. டிசம்பர் காலைக் குளிரில் இருக்கிற கண்ணாடி மேல் வைத்தால், கண்ணாடியைப் பிடிப்பதற்குள் மேலாக உறைந்துவிடும், அதனால்தான் முத்து ஒன்றொன்றாகக் கழன்று வருகிறது. ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பாட்டிலை வெந்நீரில் வைத்து நன்றாகத் துடைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஒட்டுங்கள். மைதாப் பசை காய்ச்சினால் கொஞ்சம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்க்க வேண்டும், பைண்டிங் கடைகளில் அப்படித்தான் செய்வார்கள், பூஞ்சையும் பூச்சியும் அண்டாது. ஆனால் துத்தம் விஷம், மகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் மாதம் பார்த்துச் செய்வது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு மழை. கொலுவும் கிறிஸ்துமஸும் வருவது அந்த நசநசப்பில்தான், நாமும் சரியாக அப்போதுதான் கத்தரிக்கோலைத் தேடுவோம். ஜனவரி, பிப்ரவரியில் காலையில் உறைபனி விழுந்தாலும் பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில் அடிக்கும், காற்றும் காய்ந்திருக்கும். பேப்பர் கூழ் வேலைக்கு அதுதான் பருவம். பழைய பேப்பரைக் கிழித்து ஊறப்போட்டு, ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து அரைத்து, ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் மேல் அப்பி, வெயிலில் காயவைத்துக் கழற்றி எடுப்பது நம் பாட்டிமார் செய்த கூடைதான். பேப்பரும் வெந்தயமும் தவிர அதில் ஒன்றுமில்லை, வேண்டாமென்றால் ஊறப்போட்டுத் திரும்பக் கூழாக்கிவிடலாம். அடுத்த டிசம்பருக்கு வேண்டியதை இந்தப் பிப்ரவரியில் செய்துவிடுங்கள்.

பாட்டிலை விடுங்கள், உங்கள் வீட்டில் பழைய ஸ்வெட்டர் இருக்கிறதா? மலையில் ஸ்வெட்டர் இல்லாத வீடு ஏது. எங்கள் அப்பாவுக்குக் கரும்பச்சையில் ஒன்று இருந்தது, டீ ஃபேக்டரிக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் போவார். முழங்கை இரண்டும் தேய்ந்து ஓட்டையானதும் அம்மா அதைப் பிரித்தார். ஓரத் தையலை நறுக்கினால் முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை என்று நாலு துண்டு. கீழேயிருந்து மேலே பின்னியது என்பதால் கழுத்துப் பக்கம் முடிச்சைத் தேடிப் பிடித்து அவிழ்க்க வேண்டும், கிடைத்துவிட்டால் இழுக்க இழுக்க 'சர்ர்'ரென்று வரிவரியாக வந்துகொண்டே இருக்கும். எங்களில் ஒருவர் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார வேண்டும், நூல் கையைச் சுற்றிச் சுற்றி ஏறும், மூக்கு அரித்தாலும் கையை எடுக்கக் கூடாது. அப்படிச் சுற்றிய சிட்டத்தை நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுவார். அப்போது நூல் அவிழ்த்த சடை மாதிரி நெளிநெளியாக இருக்கும். கீழே கல் ஏதாவது கட்டித் தொங்கவிட்டால் காய்வதற்குள் நெளிவு போய் நேராகிவிடும். அந்த நூல் எனக்குப் பள்ளிக்கூட ஸ்வெட்டராகி, அப்புறம் தம்பிக்குக் குல்லாவும் காலுறையுமாகி, கடைசியில் மிஞ்சிய துண்டுகளை நாலு விரலில் சுற்றி, நடுவில் கட்டி, இரண்டு பக்கமும் வெட்டிப் பந்துப் பந்தாகச் செய்து, கிறிஸ்துமஸுக்கு சைப்ரஸ் கிளையில் தொங்கவிட்டோம். அதில் இரண்டு பந்து இன்னும் என்னிடம் இருக்கிறது. நட்சத்திரம் நான் முன்பே எழுதிய டீப் பெட்டியின் உள்ளே ஒட்டியிருந்த வெள்ளித்தாள்தான், ஸ்பூனின் பின்பக்கத்தால் நீவி நீவிச் சுருக்கம் எடுத்து, மடித்து வெட்டியது. எதிலும் ஒரு சொட்டுப் பசை கிடையாது. அதுதான் இத்தனை மழையைத் தாண்டி நிற்கிறது.

கடையில் வாங்கிய ஸ்வெட்டர் என்றால் உள்பக்கம் தையல் ஓரத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓரம் சங்கிலி மாதிரி முழுசாக இருந்தால் பிரியும். துணி மாதிரி வெட்டி ஓவர்லாக் அடித்திருந்தால் ஒவ்வொரு வரியும் அறுபட்டிருக்கும், முழ நீளத் துண்டுகளாகத்தான் வரும், அதைப் பந்து கட்ட மட்டும் வைத்துக்கொள்ளலாம். வெந்நீரில் துவைத்துச் சிக்குப் பிடித்துச் சுருங்கிப்போன கம்பளி பிரியவே பிரியாது, மல்லுக்கட்டாமல் கத்தரித்துச் சுடுபாத்திரம் பிடிக்கிற துணியாகத் தைத்துவிடுங்கள்.

அடுத்தது உடைந்த குடை. கம்பி முறிந்தால் நாம் தூக்கி எறிகிறோம், துணி புதுசு போலத்தான் இருக்கிறது. எட்டுக் கம்பி நுனியிலும் நடுவிலும் நாலு தையல்தான் போட்டிருப்பார்கள், பிளேடால் நறுக்கினால் துணி முழுதாகக் கழன்று வரும். எட்டு முக்கோணத்தையும் பிரித்து, ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக வைத்துத் தைத்தால் நீளமான துண்டு கிடைக்கும், மடித்து இரண்டு பக்கமும் அடித்தால் பை. தண்ணீரை உறிஞ்சாத துணி என்பதால் பூஞ்சைத் தொல்லை குறைவு, சட்டைப்பையில் அடங்கும். குடையின் ஓரத்துப் பூ வேலையை வாய்ப்பக்கம் வருகிற மாதிரி வைத்தால் பார்க்கவும் அழகு. கம்பியை எடைக்குப் போடலாம்.

சால்வைக்கு வருகிறேன். வெட்டாதீர்கள். தோடர் பெண்கள் அச்சு, கோடு எதுவும் போடாமல், துணியின் இழையை எண்ணி எண்ணித்தான் சிவப்பும் கறுப்புமாகத் தைக்கிறார்கள், 2013-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வெட்டி ஃப்ரேமுக்குள் போட்டால் ஒரு முழத் துண்டு படமாக நிற்கும், மிச்சம் கந்தலாகும். பழைய பருத்தி வேட்டியைப் பின்னால் வைத்து, ஓட்டையைச் சுற்றி அகலமான ஓட்டுத் தையல் போட்டால் போதும், நாளைக்கு யாராவது சரியாகச் செப்பனிடத் தெரிந்தவர்கள் வந்தால் உங்கள் தையலை உருவிவிட்டு அவர்கள் வேலையைச் செய்யலாம். மாமியார் இருந்தால் குளிருக்கு அவரே போர்த்திக்கொள்ளட்டும்.

கடை போடுவது நல்ல யோசனைதான், ஆனால் பாட்டிலை வைத்துப் போடாதீர்கள். சிம்ஸ் பூங்கா பழக் கண்காட்சிக்கு வருகிறவர் கண்ணாடி பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் இறங்குவாரா? கம்பளிப் பந்து, குடைப் பை, குழந்தைக் குல்லா, இவை நசுங்காது, உடையாது. விலை வைக்கும்போது 'பழசுதானே' என்று குறைக்காதீர்கள், பிரித்து, அலசி, காயவைத்த நேரத்தையும் சேர்த்துப் போடுங்கள். கூடலூர்ப் பக்கம் பழங்குடி மக்கள் உண்ணிச்செடிக் குச்சியை வேகவைத்துத் தோலுரித்துக் கம்பிச் சட்டத்தில் கட்டி ஆளுயரத்துக்கு மேல் யானை செய்கிறார்களே, 2021-ல் லண்டன் பூங்காக்களில் போய் நின்றவை அவைதான். காட்டைக் கெடுக்கிற களையில் செய்தது என்று யாரும் அடிமாட்டு விலைக்குக் கேட்கவில்லை.

பள்ளியில் இன்னொரு முறை கேட்டால் மகளிடம் குடைப் பையைக் கொடுத்து அனுப்புங்கள், மார்க் குறைந்தாலும் பரவாயில்லை. அந்த 43-ல் பிரிக்க முடிகிறதைப் பிரித்துவிடுங்கள். பாட்டிலை வெந்நீரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டால் ஃபெவிகால் இளகிவிடும், பருப்பு தானாக விழும், எம்-சீல் மட்டும் வராது, அவற்றை உங்கள் வீட்டுக்காரர் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

அவரைப் பற்றிக் கேட்டீர்களே. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய ஸ்வெட்டரை எடுத்துக் கழுத்து முடிச்சைக் கண்டுபிடித்து வைத்துவிட்டு, அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து இரண்டு கையையும் நீட்டச் சொல்லுங்கள். ஒரு பெரியவர் ஸ்வெட்டர் என்றால் எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும், நடுவில் எழுந்து போக முடியாது, போனும் எடுக்க முடியாது. சொல்ல வேண்டியதையெல்லாம் அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

அன்புடன்
அக்கா