வெற்றுச் சுரைக்குடுக்கையும் 18 ஓட்டும்

கேள்வி: ஆப்பிரிக்காவின் யொருபா மக்கள், கொடுங்கோல் அரசனுக்கு வெற்றுச் சுரைக்குடுக்கையோ கிளி முட்டையோ அனுப்பினால் அவன் உயிரை விட்டுவிட வேண்டுமாமே! தேர்தல் வரை காத்திருக்கும் இன்றைய அரசியலைவிட அதுதானே மேல்?

பதில்: மேல் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். குடுக்கையைப் பார்த்தீர்கள், அதை அனுப்பியவர்களைப் பார்க்கவில்லை.

இன்றைய தென்மேற்கு நைஜீரியாவில் இருந்த ஓயோ பேரரசின் அரசருக்கு 'அலாஃபின்' என்று பட்டம். அவரைத் தேர்ந்தெடுப்பதும் ஒதுக்குவதும் 'ஓயோ மெசி' எனும் ஏழு பிரதானிகளின் உரிமை. தெய்வங்கள் உம்மை ஏற்கவில்லை, மக்கள் ஏற்கவில்லை, மண்ணும் ஏற்கவில்லை என்று அவர்களின் தலைவரான பசோருன் அறிவித்துவிட்டால் அரசர் தன் உயிரை மாய்த்துக்கொள்ள வேண்டும். ஆனால், அந்தப் பிரதானிகளில் ஒருவரான அசாமுவும் கூடவே சாக வேண்டும் என்பது மரபு. பிரதானிகளின் முடிவைத் தடுக்க, நிலத்தை வணங்கும் ஒக்போனி சபை இருந்தது. படைத்தலைவர் காகன்ஃபோ தலைநகரில் குடியிருக்கவே கூடாது. போரில் தோற்றால் அவர் தலையும் தப்பாது. அரசரைத் தண்டிக்கிறவர்களுக்கும் இப்படிக் கடிவாளம் போட்டிருந்தார்களே, நான் மதிப்பது அதைத்தான்.

அந்தக் கடிவாளம் அறுந்த கதையும் உண்டு. 1754 முதல் 1774 வரை காஹா என்ற பசோருன் அடுத்தடுத்து அரசர்களைச் சாவுக்கு அனுப்பினார். ஒருவர் 130 நாள்தான் ஆண்டார் என்கிறது மரபு வரலாறு. காஹாவின் பிள்ளைகள் சிற்றூர்களில் கப்பத்தை வாரிச் சுருட்டினார்கள். வேலியே பயிரை மேய்ந்த இந்தக் காலத்திலும் குடுக்கை முறை அமலில்தான் இருந்தது! கடைசியில் அலாஃபின் அபியோதுன், காகன்ஃபோவின் படையைத் துணைக்கு அழைத்துத்தான் காஹாவை ஒழிக்க முடிந்தது.

ஓயோ மெசி இன்றும் இருக்கிறது. ஆனால் அலாஃபினுக்குச் செங்கோல் தருகிறவர் ஓயோ மாநில ஆளுநர் (அங்கே ஆளுநர் மக்கள் ஓட்டில் வருபவர்). 2025 ஜனவரியில் பிரதானிகளில் பலர் எதிர்த்தும், ஆளுநர் ஏற்றவரே அரசரானார். அப்படியானால், ஆளுநரைத் தட்டிக்கேட்பது யார்?

சட்டமன்றம் என்கிறது அரசியல் சட்டம். அதே ஓயோ மாநிலத்தில் 2006 ஜனவரியில் நடந்ததைப் பாருங்கள். ஆளுநர் ரஷீதி லதோஜாவை நீக்க, 32 உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 22 பேர் ஓட்டுப் போட வேண்டும். போட்டவர்கள் 18 பேர். அவர்கள் இதற்கு நோட்டீஸ் கொடுத்ததே சட்டமன்றத்தில் அல்ல, மாநிலத் தலைநகர் இபாதானில் ஒரு ஹோட்டலில் கூடி! அவர்களுக்குப் பின்னால் நின்றவர் எந்தப் பதவியும் வகிக்காத அரசியல் பெரும்புள்ளி லமிதி அதெதிபு. அவரைத் தேர்தலிலும் தோற்கடிக்க முடியாது, பதவியைவிட்டும் நீக்க முடியாது. இதுதான் என்னைக் கொதிக்க வைக்கிறது.

நீக்கம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது. சொல்லும்போது டிசம்பர் ஆகிவிட்டது. லதோஜா நாற்காலிக்குத் திரும்பியபோது அவருடைய பதவிக்காலத்தில் ஆறு மாதம்கூட மிச்சமில்லை.